அணிலைவிட அணில் பார்க்க வந்தவர்கள்தான் பெரிய பாடு

வீட்டில் அடிபட்ட அணில் ஒன்று இருக்கிறது என்ற செய்தி எங்கள் ஒழுங்கை முழுக்கப் பரவ ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அணிலைப் பார்த்ததைவிட அணில் பார்க்க வந்த ஆட்களைப் பார்த்ததுதான் அதிகம். "எங்கை, ஒருக்காக் காட்டுங்கோ" என்று பெட்டி மூடியில் கை வைக்காத ஆள் இல்லை. ஒருவர் பாலோடு வருவார், இன்னொருவர் மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார், சித்தாலேப தைலம் பூசச் சொன்னவரும் உண்டு. எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடிபட்ட அணில்களைக் கொல்வதில் பூனைக்கு அடுத்த இடம் இந்த நல்ல மனதுக்குத்தான்.

பிடித்தது எங்கள் வீட்டுப் பூனையேதான். சோளகம் அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை, வளவு மூலையில் நிற்கிற பனையில் காவோலைகளுக்கு இடையில் அணில்கள் தும்பும் பஞ்சும் கிழிந்த சீலைத் துண்டும் சேர்த்துக் கூடு வைத்திருந்தன, அந்தக் காற்றில் மேலிருந்து எது விழுந்தாலும் முதலில் தெரிவது பூனைக்குத்தான். கிணற்றடியில் நின்ற அம்மா தும்புத்தடியை எறிந்த எறியில் அது வாயில் கிடந்ததைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்துவிட்டது. கீழே கிடந்தது பச்சைக் குட்டி இல்லை. கண் திறந்து, முதுகில் மூன்று கோடும் தெளிவாக விழுந்து, வால் மட்டும் இன்னும் மயிர் நிறையாமல் மெலிந்திருக்கிற பருவம். வலது பின்னங்கால் இழுபட்டது. தோள்பட்டையில் இரண்டு சின்னத் துளை, இரத்தம் கூடப் பெரிதாக இல்லை.

அந்த இரண்டு துளைதான் விஷயமே. பூனையின் பல் ஊசி போல மெல்லியது, குத்தின இடம் மேலே உடனே மூடிக்கொள்ளும், பூனையின் வாயில் இருந்த கிருமி உள்ளே தங்கிவிடும். காயம் ஒன்றும் இல்லை, பயந்துபோய்க் கிடக்கிறது என்று விடப்படுகிற அணில்கள் அடுத்தடுத்த நாளில் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். பூனை வாயில் போன எதற்கும் கிருமிகொல்லி மருந்து வேண்டும், அதுவும் ஒரு நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் எங்களுக்கு அணில் கிடைத்தது பின்னேரம், மிருக வைத்தியரிடம் போவதென்றால் விடிய வேண்டும், ஆகவே அந்த இரவை அது தாண்ட வேண்டும்.

இரவைத் தாண்ட வைப்பது சாப்பாடு இல்லை, சூடு. அடிபட்டுக் குளிர்ந்து கிடக்கிற உடம்புக்குள் எதை ஊற்றினாலும் சமிக்காது. ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்து விரித்தேன். துவாய் போடக்கூடாது, அதன் நூல் வளையங்களில் நகம் கொழுவி, ஏற்கெனவே முறிந்த கால் இன்னும் திரும்பிவிடும். சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும், சூடு கூடிவிட்டால் மற்றப் பக்கம் நகர அதற்கு இடம் இருக்க வேண்டுமே. எங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் விடியப்புறம் காற்றில் குளிரும், மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அவிந்தே போகும். பகலில் போத்தலை எடுத்துவிட்டுப் பெட்டியைச் சீமெந்து நிலத்தில் சுவர் ஓரமாக வைத்தோம். மூடியில் சில துளை, மேலே ஒரு துணி, அறைக் கதவு சாத்து. அவ்வளவுதான் முதலுதவி. அதன் பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது, அதைத்தான் எங்கள் ஊரில் யாராலும் தாங்க முடியவில்லை.

உடம்பு சூடானதும் தண்ணீர். கழுத்துக்குப் பின்னால் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே பழைய இடத்துக்குப் போக வேண்டும், கூடாரம் அடித்தபடி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. எங்களுடையது கூடாரம்தான். வயிற்றோட்டக்காரருக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பைக்கற்றை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டில், ஊசி கழற்றின ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் எடுத்து, உதட்டு ஓரத்தில் ஒரு சொட்டு. வாய்க்குள் அமத்தி அடிக்கக்கூடாது, சொட்டை வைத்துவிட்டு அது நக்கும்வரை பார்த்திருக்க வேண்டும். மல்லாக்காகவும் பிடிக்கக்கூடாது, தலை மேலே இருக்க நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மூக்கால் குமிழி வந்தால் உடனே நிறுத்து, நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம், பிறகு சளி பிடித்து மூச்சு இழுத்துச் சாகும். முதல் சொட்டு உதட்டிலேயே தொங்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு நாக்கு, அரிசி முனையளவுதான் இருக்கும், வந்து தொட்டுவிட்டு உள்ளே போனது. அடுத்த சொட்டுக்கு முன்னங்கால் இரண்டாலும் சிறிஞ்சைப் பிடித்துக்கொண்டது.

பால் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டேன். பசுப்பாலும் கடையில் வாங்குகிற பால்மாவும் அணிலுக்குச் சரிவராது, வயிற்றோட்டம் பிடித்தால் அவ்வளவு சின்ன உடம்பில் தண்ணீர் வற்றிப்போக அதிக நேரம் எடுக்காது. கட்டாயம் பால் வேண்டிய குட்டி என்றால் ஆட்டுப்பால் பரவாயில்லை, அது எங்கள் பக்கம் தேடிப்போக வேண்டிய பொருளும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு சிரட்டையில் கறந்து தந்தார், "அணிலுக்கெண்டு கேட்டு ஆட்டுப்பால் வாங்கின முதல் ஆள் நீதான் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே. கண் திறக்காத குட்டிகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவி விட வேண்டும், தாய் நக்கி விடுவதற்குப் பதிலாக, இல்லாவிட்டால் அவற்றால் சலம் கழிக்க முடியாது. எங்களுடையது வளர்ந்தது என்பதால் அந்த வேலை தப்பியது.

விடிய விசுவமடுச் சந்தியில் பஸ் ஏறிப் பரந்தன் வழியாகக் கிளிநொச்சி. போகிற வழியில் பலசரக்குக் கடையில் இறங்கிக் கேட்டேன், மிளகு சீரகம் நிறுக்கிற சின்னத் தராசைத் தருவீர்களா என்று. மருந்து நிறைக்கு ஏற்பத்தானே, நிறை தெரியாமல் போய் என்ன செய்வது. கடைக்காரர் ஒரு வெறும் யோகட் கோப்பையை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார், அதற்குள் அணிலை இறக்கினோம், நாற்பத்தைந்து கிராமுக்குக் கிட்ட நின்றது. வளர்ந்த அணில் நூறு கிராம் வரும், ஆகவே இது பாதி அணில். வரிசையில் நின்ற ஒரு அம்மா "கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

மிருக வைத்தியரிடம் மாடும் ஆடும் கோழியும்தான் வரும், அணிலைப் பார்த்ததும் அவர் சிரித்தார், ஆனால் சிரித்துக்கொண்டே ஒழுங்காகப் பார்த்தார். முதலில் பின்னங்கால் விரலை மெல்ல நசித்தார். அணில் காலை இழுத்துக்கொண்டு கீச்சென்று கத்தியது. நரம்பு இருக்கிறது, முள்ளந்தண்டு சரி, கால் எலும்புதான் முறிந்திருக்கிறது என்றார். இரண்டு பின்னங்காலும் இழுபட்டு, சலமும் தானாகப் போய்க்கொண்டிருந்தால் கதை வேறாம். மட்டை வைத்துக் கட்டவில்லை. கட்டினால் அது இரவிரவாகக் கடித்துக் கட்டையும் எடுத்துக் காலையும் எடுத்துவிடும் என்றார். மயிரை விலக்கி ஈ முட்டை இருக்கிறதா என்றும் பார்த்தார், வெள்ளையாக நொய் அரிசி ஒட்டினதுபோல் இருக்குமாம், எங்கள் வெக்கைக்கு ஒரு நாளில் புழுவாகிவிடும். நல்ல காலம், இல்லை. காயத்துக்கு மஞ்சளும் வேண்டாம் தைலமும் வேண்டாம், கொதித்து ஆறின அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவு என்றார். மருந்தைச் சொட்டுக் கணக்கில் எழுதித் தந்தார். வீட்டில் இருக்கிற பனடோலை உடைத்துக் கொடுக்கிற யோசனை இருந்தால் மறந்துவிடு என்றும் சொன்னார், யாரோ செய்திருக்க வேண்டும்.

முறிந்த கால் பொருந்த வேண்டுமென்றால் அது ஏறக்கூடாது. அணிலை ஏறாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? உயரம் இல்லாத கூட்டில், ஏற ஒரு கொப்புக் கூட இல்லாமல், சில கிழமை. இந்தக் காலத்தில்தான் ஒழுங்கை முனையில் கச்சான், அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற அண்ணை அடிக்கடி வருவார். அவருக்கும் ஒரு கால் இல்லை, போட்டிருப்பது பொய்க்கால், எங்கள் பக்கம் அது யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. முதல் நாள் வந்தவர் கூட்டுக்குள் பார்த்துவிட்டு, "இதைச் சுகப்படுத்தி என்ர தோட்டத்துக்கே விடப்போறாய்?" என்றார். நியாயமான கேள்விதான், காயப்போட்ட கச்சானில் அணில் வைக்கிற கணக்கு அவருக்குத்தான் தெரியும். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கப் பயிரை அழிக்கிற குரங்கும் மயிலும் பெரிய மர அணிலும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கேட்டதே, அதை இன்னும் அவர் மறக்கவில்லை. "மர அணிலைத்தான் எண்ணினவை, இந்தக் கள்ளரை ஒருத்தரும் எண்ணேல்லை." ஆனால் வந்தவர்களுக்குள் பெட்டியைத் தொடாமல் தூர நின்று பார்த்த ஒரே ஆளும் அவர்தான். கால் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, "மூண்டு கால் காணும், வால் இருக்கோ எண்டு பார்" என்றார். உண்மையும் அதுதான், மூன்று காலோடு காட்டில் நன்றாகச் சீவிக்கிற அணில்கள் உண்டு, பாயும்போது சமநிலை பார்ப்பது வால்.

சாப்பாடு என்றதும் எல்லாரும் கச்சானையும் பிஸ்கட்டையும்தான் நீட்டுவார்கள். அது மட்டும் கொடுத்து வளர்க்கிற அணிலுக்கு எலும்பு இளகிவிடும், கல்சியம் போதாமல், பிறகு சும்மா குதித்தாலே கால் முறியும். ஏற்கெனவே முறிந்த காலோடு இருப்பதற்கு அதைப்போய்ச் செய்யலாமா. நாங்கள் கொடுத்தது முருங்கை இலை, முளைவிட்ட பயறு, பப்பாசி, கொய்யாக் காய், கச்சான் ஒன்றிரண்டு, அதுவும் கோதோடு. முல்லைத்தீவுக் கடற்கரையில் பொறுக்கிவந்த கணவாய் ஓட்டைக் கழுவி ஊறவைத்து வெயிலில் காயப்போட்டுக் கூட்டில் கொழுவினோம். அணிலின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது அராவ வேண்டும், கணவாய் ஓடு பல்லுக்கும் ஆச்சு, கல்சியத்துக்கும் ஆச்சு. காலை வெயிலில் கொஞ்ச நேரம் கூட்டை வெளியே வைப்போம், பாதி நிழலில்.

பெயர் வைக்கக்கூடாது என்று அக்காவின் மகளுக்குச் சொல்லியிருந்தேன், அவள் அதற்கு முன்பே கச்சான் என்று வைத்துவிட்டாள். சரி, பெயர் போகட்டும், தூக்கித் தோளில் வைத்துப் படம் எடுப்பது மட்டும் நடக்காது என்று நின்றேன். அதனால் ஒழுங்கையில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். மனித வாடைக்குப் பழகின அணில் வெளியே போனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் தோளிலும் ஏறும், அந்த வீட்டுப் பூனைக்கும் பக்கத்தில் போகும். கால் ஊன்றத் தொடங்கினதும் உயரக் கூட்டுக்கு மாற்றினோம், அரை அங்குலக் கம்பி வலை அடித்தது, கோழிக்கூட்டு வலையின் கண்ணுக்குள்ளால் அணில் சிரித்துக்கொண்டே போய்விடும். கொய்யாக் கொப்புகள், ஒரு சிரட்டை, கொஞ்சம் தென்னந்தும்பு. தும்பைத் தானே இழுத்துச் சிரட்டைக்குள் கூடு வைத்தது. கை நீட்டினால் வாலை அடித்துச் சிக் சிக் என்று கத்தும், பிறகு ஒரு நாள் நல்லாகவே கடித்தது. சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவினேன், ஆசுபத்திரியிலும் காட்டினேன், அதை விளையாட்டாக விடக்கூடாது. ஆனால் கடித்தது எனக்குச் சந்தோஷம்தான், இனி விடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

காற்று ஓய்ந்த ஒரு காலையில் கூட்டை அப்படியே பனைக்குப் பக்கத்து வேம்பில் உயரத்தில் கட்டிக் கதவைத் திறந்து விட்டோம். பூனை அறைக்குள். போனது, இரவு கூட்டுக்கு வந்தது, சில நாள் பப்பாசிக்கு வந்தது, பிறகு வரவில்லை. அந்தக் கால் கொஞ்சம் வெளியே விரிந்தபடிதான் பொருந்தியிருக்கிறது, அதனால் பனையில் தலைகீழாக இறங்கும்போது ஒரு பக்கம் சறுக்கும், மற்றபடி ஒன்றும் குறைவில்லை. அண்ணையின் கச்சான் தோட்டத்திலும் கண்டதாகத் தகவல்.

இப்போது ஆட்கள் பார்க்க வருவதில்லை, கொண்டு வருகிறார்கள். மர அணில் போன்ற பெரியவை என்றால் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொண்டு வருகிற குட்டிகளில் பாதிக்கு ஒரு காயமும் இருப்பதில்லை, மரத்தடியில் கிடந்ததாம், தூக்கி வந்தார்களாம். மனிதர் கை பட்டால் தாய் ஏற்காது என்பது வெறும் கதை. உடம்பு சூடாக இருந்தால், பூனை வாய் படாமல் இருந்தால், திறந்த பெட்டியில் வைத்து விழுந்த மரத்திலேயே எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தூரப் போய்விட வேண்டும், தாய் வந்து வாயால் கவ்விக்கொண்டு போகும். போன கிழமை உடையார்கட்டிலிருந்து ஒரு பெடியன் சைக்கிளில் ஒன்றைக் கொண்டு வந்தான், பார்த்துவிட்டு அதே பெட்டியோடு திருப்பி அனுப்பினேன். முகம் சுருங்கிப் போனான். பின்னேரம் அவனுடைய தாய் போன் எடுத்து, அணில் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது, இனிப் பூனையை அவிழ்த்து விடலாமோ என்று கேட்டார். இருட்டும்வரை வேண்டாம் என்றேன், இன்னொரு குட்டியும் விழுந்திருக்கலாம்.