கவர்மென்ட் குடியிருப்புல இருந்து வந்த கவுன்சிலர்

கஷ்டப்பட்ட வீட்ல பொறந்து பதவிக்கு வந்த யார பத்தி எழுதுனாலும் நம்மாளுங்க உடனே "சேத்துல மொளச்ச செந்தாமரை"ன்னு தலைப்பு வச்சிடுறாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்காது. அப்ப அக்கம்பக்கத்து வீட்ல இருந்தவங்க எல்லாம் சேறா?

அமெரிக்க அரசியல்வாதி ரிச்சி டோரஸ் பத்தி படிக்கும்போதும் இதான் தோணுச்சு. நியூயார்க்ல பிராங்க்ஸ் பக்கம் த்ரோக்ஸ் நெக் ஹவுசஸ்னு ஒரு அரசாங்க குடியிருப்பு, அங்க வளர்ந்தவர். அம்மா ஒத்த ஆளா மூணு பிள்ளைங்கள வளர்த்தாங்க. வீடு பூரா ஈரம், பூஞ்சை, அதுலயே இவருக்கு ஆஸ்துமா வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். இந்த லட்சணத்துல குடியிருப்புக்கு எதிர்த்தாப்லயே சிட்டி நிர்வாகம் 10 கோடி டாலருக்கு மேல கொட்டி ஒரு கோல்ஃப் மைதானம் கட்டுது, அத நடத்துற காண்ட்ராக்ட் யாருக்கு போச்சுன்னா டிரம்ப் கம்பெனிக்கு! இங்க ஒழுகுற பைப்ப மாத்த மட்டும் காசு இருக்காது. வயிறு எரியுமா எரியாதா?

காலேஜ பாதில விட்டுட்டு ஒரு கவுன்சிலர் ஆபீஸ்ல சேர்ந்தார், வேலை என்னன்னா வீடுகள நேர்ல போய் பாத்து எங்க என்ன ஓட்டை ஒடசல்னு பதிவு பண்றது. என்னை கேட்டா அவரோட அரசியல் பாடமே அதுதான், மேடைப் பேச்செல்லாம் அப்புறம். 2013ல அவரே நியூயார்க் சிட்டி கவுன்சிலுக்கு ஜெயிச்சப்ப வயசு 25, அரசாங்க வீடுகளுக்கான கமிட்டிக்கு தலைவராவும் ஆனார்.

லண்டன் மேயர் சாதிக் கானும் இந்த மாதிரிதான், அப்பா பஸ் டிரைவர், அம்மா தையல் வேலை, எட்டு பிள்ளைங்க, மூணு பெட்ரூம் கவுன்சில் வீடு, அதாவது உள்ளூர் நிர்வாகம் வாடகைக்கு விடுற வீடு. 1994ல கவுன்சிலர், 2016ல மேயர். நடுவுல 22 வருஷம் இருக்கு, அத யாரும் தலைப்புல போடமாட்டாங்க.

சரி, நம்ம டோரஸ் கவுன்சிலுக்கு போனதும் எல்லாம் மாறிடுச்சான்னா அதான் இல்ல. 2017-18 குளிர்காலத்துல நியூயார்க் அரசாங்க வீடுகள்ல இருக்கிறவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேருக்கு, அதாவது 3 லட்சத்துக்கும் மேல, ஒரு தடவையாவது ஹீட்டரோ சுடுதண்ணியோ நின்னு போச்சு. பழைய பாய்லர், ஒன்ன ஒட்டுப்போட்டு முடிச்சா அடுத்தது படுத்துரும். ஜனங்க அடுப்ப எரியவிட்டு சமையல்கட்டுல குளிர் காயுற நெலம. கவுன்சிலர் அதிகாரிய கூப்ட்டு நிக்க வச்சு கேள்வி கேக்கலாம், நல்லாவே கேக்கலாம், ஆனா பாய்லர் மாத்துற அளவு பணத்துக்கு வாஷிங்டன்ல இருக்குற மத்திய அரசு கைய எதிர்பாத்துதான் கெடக்கணும், அங்க வருஷக்கணக்கா கைய சுருக்கிட்டே வந்துட்டாங்க.

டோரஸ் 2020ல காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க பார்லிமென்ட்டுக்கு, நின்னு ஜெயிச்சு, வீட்டு வசதி விவகாரமெல்லாம் வர்ற நிதிச் சேவைகள் கமிட்டிலயே போய் இடம் பிடிச்சார். பணம் எங்க முடிவாகுதுன்னு நல்லா தெரிஞ்ச ஆளு!