வெயிலிலும் சுருங்காத கண்

"ரெண்டு கண்ணும் கறுப்பாப் போச்சு சார், மஞ்சளே தெரியல" என்றபடி பூனைக் கூடையை எங்கள் கால்நடை மருத்துவமனை மேசையில் வைப்பார்கள். திறந்து பார்த்தால் பூனையின் கண் பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் உள்ள கருமணி, விரிந்துதான் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஷேர் ஆட்டோவில் குலுங்கி, நாய்க் குரைப்பைக் கேட்டு, மருந்து வாடைக்குள் வந்து இறங்கும் எந்தப் பூனைக்கும் பாப்பா விரியும். பயம், வலி, விளையாட்டு, இருட்டு எல்லாமே அதைச் செய்யும். அதனால் எங்கள் மேசையில் தெரிவதைவிட வீட்டில் நீங்கள் பார்த்ததுதான் எங்களுக்கு அதிகம் உதவும்.

மதுரையின் உச்சி வெயில் நேரத்தில் திண்ணையில் படுத்திருக்கும் பூனைக்குப் பாப்பா ஊசியால் கீறியதுபோல் நெட்டுக்கோடாக இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்திலும் நாவல்பழம் போல வட்டமாக நின்றால் சரியில்லை. சந்தேகம் இருந்தால் அறையை இருட்டாக்கி, இரண்டு நிமிடம் விட்டு, ஒரு முழம் தள்ளி நின்று செல்போன் டார்ச்சை ஒரு கண்ணில் மட்டும் காட்டுங்கள். அந்தப் பாப்பா சுருங்கும்போது மற்றக் கண்ணின் பாப்பாவும் கூடவே சுருங்க வேண்டும். பயந்த பூனைக்கு மெதுவாகச் சுருங்கும், ஆனால் சுருங்கிவிடும். பார்வை இருக்கிறதா என்று அறியக் கையை ஆட்டிப் பார்க்காதீர்கள். காற்று மீசையில் பட்டாலே தலையைத் திருப்பிவிடும். சிறு பஞ்சு உருண்டையை அதன் முகத்துக்கு முன்னால் மேலிருந்து விடுங்கள். பஞ்சு சத்தமில்லாமல் விழும். கண் அதன் பின்னால் போகிறதா என்று பாருங்கள்.

பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று கிரைண்டரில் மோதி, படியில் கால் தவறி, இரண்டு பாப்பாவும் விரிந்தபடி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரஷரை. சிறுநீரகமோ தைராய்டோ கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை பிரிந்திருக்கலாம். இந்தப் பூனைகள் பல மாதங்களாக நிறையத் தண்ணீர் குடித்து, இளைத்துக்கொண்டே வந்திருக்கும். வீட்டில் 'வயசாயிருச்சு' என்று விட்டிருப்பார்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பிரஷரின் மேல் அளவு 160-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்; 180-க்கு மேல் போனால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து.

பயமே பிரஷரை ஏற்றிவிடும் என்பதால் கூடையிலிருந்து எடுத்த கையோடு அளக்கக் கூடாது. சத்தமில்லாத அறையில், வளர்ப்பவர் மடியிலேயே ஐந்து பத்து நிமிடம் விட்டு, முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்கிறோம். சுற்றும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். பட்டை ஒடுங்கியிருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். மருந்து, மனிதர்கள் பிரஷருக்குப் போடும் அம்லோடிபின்தான். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கில் தொடங்குவது வழக்கம். ஆனால் அளந்து பார்க்காமல் கொடுக்கக் கூடாது. சீக்கிரம் குறைத்தால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பும். வாரக்கணக்கில் விட்டால் திரும்பாது.

ஒரு கண்ணில் மட்டும் பாப்பா விரிந்திருந்தால் கண்ணுக்குள் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), கண்ணுக்குள் கட்டி, மொட்டை மாடியிலிருந்து விழுந்து தலையில் அடி என்று பார்க்கிறோம். காலையில் சரியாக இருந்து மாலையில் இப்படியானால் அன்றைக்கே வாருங்கள்.

கிராமப் பக்கம் அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பது கோழி மருந்தைப் பற்றி. நாட்டுக்கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் பத்து சதவீத என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் வரும். மூன்று கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி என்று ஒரு மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஏழு மடங்கு. விழித்திரை கருகி, பாப்பா விரிந்தபடியே நின்றுவிடும். பெரும்பாலும் அந்தப் பார்வை மீளாது. நாய்க்கு முதுகில் விடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தையும் பூனைக்கு விடக் கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். தெரியாமல் அந்த மருந்தை விட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் அலசி, உடனே தூக்கி வாருங்கள். வயலோரப் பூனை பாப்பா விரிந்து, பின்னங்கால் துவண்டு, கத்த முடியாமல் கிடந்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடிவாய் தெரியாது, அதைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தயிர்ச் சோறும் பால் சோறும் மட்டுமே தின்னும் பூனைக்குக் கண்ணுக்கு வேண்டிய டாரின் என்ற சத்து கிடைக்காது, விழித்திரை மெல்ல மெல்லத் தேயும். 1975-லேயே தெரிந்த விஷயம் இது. மத்தியோ கோழி ஈரலோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும்.

கண்ணுக்கு அட்ரோபின் சொட்டு விட்டிருந்தால் சில நாள் பாப்பா விரிந்தே இருக்கும், பயப்பட வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மெடிக்கலில் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு எதையும் நீங்களாக விடாதீர்கள். புண் இருந்தால் ஸ்டீராய்டு கண்ணையே ஓட்டையாக்கும். கிளம்பும் முன் வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் டார்ச்சோடு ஒன்று, பத்துப் பத்து விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடையைத் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள்.