அப்பா காரின் தகரக் கவசம்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்பாவின் பழைய கார் கடகடவென்று அடித்துக்கொண்டே ஏறியது. எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருக்கும் தகரக் கவசம்தான். துருவில் போல்ட் துளை விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. “கழற்றி வீசிடுங்கண்ணா” என்றார் மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. பக்கத்திலேயே வயரும் ரப்பர் குழாயும் போகின்றன. மேட்டில் முக்கி ஏறும்போது அந்தச் சூட்டைத் தடுப்பது இந்தத் தகரம்தானே!

முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் முறிந்துவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு முழுக்க சேலம் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 600 டிகிரி தாங்கும் சில்வர் பெயின்ட் அடித்தேன். விரிந்த துளைக்குப் பெரிய வாஷர்.

எஞ்சின் சூடானதும் கொஞ்சம் புகை. பெயின்ட் இறுகுகிறது, சரி. நாளை அப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடி மலைக்கு.