வாங்கும் கதிரையும்

போன ஆவணியில் யாழ்ப்பாணம் வடமராட்சியில் இருக்கும் நம் பாடசாலை அதிபரிடமிருந்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு பக்கக் கடிதம் வந்தது. மாணவர் மேசை 60, மாணவர் கதிரை 60 தேவை என்று கேட்டிருந்தார். அதை உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கையாக மாற்றும்போது செயற்குழுவில் இருக்கும் ஒரு தம்பி, நல்ல பிள்ளை, கதிரை என்று வந்த இடமெல்லாம் நாற்காலி என்று திருத்தியிருந்தான். எல்லாத் தமிழருக்கும் விளங்கட்டும் என்பதுதான் அவன் எண்ணம். நான் கூட்டத்தில் எழும்பி, வேண்டாம், கதிரை என்றே இருக்கட்டும் என்றேன். ஏன் அண்ணா என்று கேட்டான். அந்த இடத்தில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும், அந்தப் பதிலையே எழுதிவிடுவோம் என்று இருந்துவிட்டேன்.

நாற்காலி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாலு கால் இருந்தால் நாற்காலி, மூன்று கால் இருந்தால் முக்காலி, அதைவிடத் தெளிவான சொல் எங்கே கிடைக்கும்? ஆனால் நம் பாடசாலையில் நாற்காலி என்ற ஒன்று இருந்ததே இல்லை. பாடப் புத்தகத்தில் வாசித்திருக்கிறோம், அவ்வளவுதான். வகுப்பில் இருப்பதற்கு இரண்டு பொருட்கள்தான் இருந்தன. நமக்கு வாங்கு, படிப்பிக்கும் சேருக்குக் கதிரை.

வாங்கை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அரைச்சுவர் வைத்த அந்த நீளக் கொட்டகையில், டெஸ்குக்குப் பின்னால் போட்டிருந்த ஒற்றைப் பலகை வாங்கு. மூன்று பேருக்கு அளவு, ஆனால் எங்கள் வகுப்பில் நாலு பேர் இருந்தோம். கால்களை நுனியில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் ஒரு நுனியில் இருப்பவன் திடீரென்று எழும்பினால் மற்ற நுனியில் இருப்பவன் வாங்கோடு சரிந்து நிலத்துக்குப் போவான். முதல் தவணையிலேயே இதை இரண்டு மூன்று பேர் அடிபட்டுப் படித்துக்கொண்டோம். அதற்கப்புறம் கேள்விக்குப் பதில் சொல்ல எழும்ப வேண்டி வந்தாலும், "பிடிச்சுக்கொள்ளடா, நான் எழும்பப் போறன்" என்று பக்கத்திலிருப்பவனுக்கு மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவோம். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் வாங்கில் ஏறி நிற்க வேண்டும். கடைசி வாங்கு என்றால் படிப்பு ஏறாதவன் என்று அர்த்தம். உயரமான பிள்ளைகளைப் பின்னுக்கு அனுப்புவதால், ஒன்பதாம் ஆண்டில் ஒரேயடியாக வளர்ந்த நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். அம்மா அதைக் கேட்டு இரண்டு நாள் கவலைப்பட்டார்.

கதிரை அப்படியில்லை. ஒரு வகுப்புக்கு ஒன்று, கைபிடி வைத்து, பிரம்பு பின்னியது. சேர் வராத பாடவேளையிலும் அதில் ஒருவரும் இருக்க மாட்டோம். அடிக்குப் பயந்து என்று சொல்ல முடியாது, அது அவருடையது, அவ்வளவுதான். வீட்டிலும் அதே கதைதானே. விறாந்தையில் அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்தாலும் அதைச் சுற்றித்தான் நடப்போம். ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் "கதிரையை எடுத்துப் போடு" என்ற குரல் வந்துவிடும். பிறகு 1994இல் பொதுசன ஐக்கிய முன்னணி கதிரைச் சின்னத்தில் தேர்தலுக்கு வந்தபோது, கதிரையைப் பிடிப்பது என்ற பேச்சுக்கு எல்லார் வாயிலும் இன்னொரு சுற்று வந்தது.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் மோசிகீரனார் பாட்டை விளங்கப்படுத்தினார். புறநானூற்றில் 50ஆவது பாட்டு. சேர மன்னனின் முரசை நீராட்டக் கொண்டுபோன நேரம் வெறுமையாகக் கிடந்த முரசுகட்டிலில், அது என்னவென்று தெரியாமல் புலவர் படுத்து நித்திரையாகிவிட்டார். அது வாளால் வெட்டவேண்டிய குற்றம். திரும்பி வந்த அரசன் வெட்டாமல் பக்கத்தில் நின்று கவரி வீசினான். கட்டில் என்றால் படுக்கிற பொருள் என்றுதானே நினைக்கிறீர்கள், அந்தக் காலத்தில் முரசு வைத்ததும் கட்டில், அரசன் வீற்றிருந்த சிம்மாசனமும் அரசுகட்டில் என்று சேர் சொன்னார். ஒரு சொல் இப்படி இடம் மாறிப் போகும் என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அன்றைக்குத்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சிக்குப் போனவர்கள் போக, வடமராட்சிக்கு வந்தவர்களில் கொஞ்சப் பேர் நம் பாடசாலையில் தங்கினார்கள். நாங்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள் போய் டெஸ்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு, இரண்டிரண்டு வாங்காக இழுத்துச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தோம், வயது போனவர்கள் ஈர நிலத்தில் படுக்கக் கூடாது என்று. ஒரு அம்மா நான் இருந்த வாங்கிலேயே தன் கைக்குழந்தையைக் கிடத்தியிருந்தார். வாங்கு கட்டிலானதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தமிழ்ச் சேர்தான் நினைவுக்கு வந்தார்.

இனி அம்மம்மா சொன்னது. இதை மலரில் எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

அம்மம்மாவின் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருக்க முடியாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் என்றால் நிலம், அல்லது வாசலுக்கு வெளியே. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாரும் சமமாக இருக்கவேண்டும் என்று 1930ஐ ஒட்டி உத்தரவு வந்தது. சம ஆசனம் என்பது அதற்குப் பெயர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றவர்கள் அதற்கு ஆதரவாக நின்றார்கள், எதிர்த்தவர்கள் சில பாடசாலைகளை எரித்தார்கள். சரித்திரப் புத்தகத்தில் இது நாலு வரி. அம்மம்மாவுக்கு அது ஒரு பிள்ளை. "நாங்கள் வாங்கில இருப்பம், அவள் நிலத்தில இருந்து மண்ணில எழுதுவாள், என்னைவிட வடிவான கையெழுத்து" என்று சொல்லுவார். அவளும் வாங்குக்கு வரப்போகிறாள் என்றதும், ஒரே வாங்கில் இருந்து படிக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் அம்மம்மாவின் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு சரி. சாகும்வரை அவருக்கு அது ஆறவில்லை, எனக்கும் ஆறவில்லை. வாங்கு என்ற சொல்லில் இவ்வளவும் இருக்கிறது, அதை இருக்கை என்று மாற்றி எழுதினால் அந்தப் பிள்ளை எங்கே இருந்தாள் என்று எப்படிச் சொல்வது?

சரி, ரொறன்ரோவுக்கு வருவோம். வந்த புதிதில், நம்மில் பலரைப் போல, நானும் இரவில் கட்டடம் துப்புரவாக்கும் வேலைக்குப் போனேன். கூட வேலை செய்தவர் டண்டாஸ் வீதி மேற்கில் இருந்த ஒரு போர்த்துக்கேயர், என் அப்பா வயது. நிலம் கழுவுமுன் கதிரைகளைத் தூக்கி மேசை மேல் வைக்க வேண்டும். அவர் ஒன்றைக் காட்டி ஏதோ சொன்னார், எனக்கு அது "கதைர" என்று கேட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன், நடுவில் நம்முடைய அதே மென்மையான "த". மேசையைத் தட்டி, இது என்ன என்றேன். "மேசா." அப்புறம் எங்களுக்கு வேலை ஓடவில்லை. சப்பாத்தைக் காட்டினேன், "சப்பாத்து" என்றார், எழுத்தில் கடைசி ஓ என்று இருந்தாலும் அவர்கள் உச்சரிப்பது உ. அலுமாரி, வாளி, விறாந்தை, தவறணை, குசினி என்று ஒவ்வொன்றாகக் கேட்க அவர் கண் விரிந்துகொண்டே போனது. உங்கள் ஊருக்கு எங்கள் ஆட்கள் எப்போது வந்தார்கள் என்று கேட்டார். 1619இல் சங்கிலி மன்னனைப் பிடித்து யாழ்ப்பாணத்தை எடுத்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, என் தோளில் கை வைத்தார்.

அங்கே வரவேற்பு மண்டபத்தில் ஒரு நீள மர வாங்கு கிடந்தது. அதை அவர் "பங்க்கு" என்றார். நாங்கள் துப்புரவாக்கிய கட்டடம் ஒரு வங்கியுடையது, அதையும் "பங்க்கு" என்றார். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். அவர்கள் மொழியில் இரண்டும் ஒரே சொல்தான். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுகிறவர்கள் முன்னால் பலகை போட்டு இருந்து வியாபாரம் செய்ததால், அந்தப் பலகையின் பெயரே தொழிலுக்கும் வந்திருக்கிறது. அந்தச் சொல் ஆங்கிலம் வழியாக வந்து நமக்கு வங்கியானது. அதற்கு முன்பே போர்த்துக்கேயர் வாயால் வந்தது வாங்கு. வங்கியும் வாங்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நிலம் கிண்டும் அலவாங்கையும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அதுவும் போர்த்துக்கேயம்தான், ஆனால் வேறு சொல். மேசை லாச்சி, அதாவது இழுப்பறை, ஒல்லாந்தர் விட்டுப் போனது.

கதிரையின் கதை இன்னும் நீளம். கிரேக்கத்தில் கதெத்ரா என்றால் இருக்கை. அது இலத்தீனுக்குப் போய்ப் படிப்பிப்பவரின் ஆசனமும் ஆயரின் ஆசனமும் ஆனது. ஆயரின் அந்தக் கதிரை இருக்கும் கோயில்தான் கதீட்ரல். போர்த்துக்கேயத்தில் அது சாதாரணமாக எல்லாரும் இருக்கும் கதிரையாகி நம்மிடம் வந்தது, பிரெஞ்சு வழியாகப் போனது ஆங்கிலத்தில் சேர் ஆனது. என் பிள்ளைகள் வீட்டில் சேர் என்கிறார்கள், எனக்குச் சேர் என்றால் வெள்ளை வேட்டியோடு கதிரையில் இருக்கும் அந்த மனுசன்தான் வருகிறார். கடைசியில் பார்த்தால் கதிரையும் பிள்ளைகளின் சேரும் ஒரே கிளையில் இருந்து பிரிந்தவை. இதைச் சொன்னபோது மூத்த மகள் கைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

நம் பக்கத்துப் புலோலியில் பிறந்து, சென்னையில் திரு.வி.க.வுக்கு ஆசிரியராக இருந்து, தமிழ் மொழி அகராதி தொகுத்தவர் நா. கதிரைவேற்பிள்ளை. ஏழாம் ஆண்டில் அந்தப் பெயரைக் கேட்டதும், கதிரைக்கும் வேலுக்கும் என்ன தொடர்பு சேர் என்று கேட்டேன். அந்தக் கதிரை கதிர்காமம், முருகன் இருக்கிற இடம், அது போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே நம்முடையது என்றார். அதற்கப்புறம் அவர் கதிரையில் வந்து இருக்கும்போதெல்லாம் எனக்கு அதில் கொஞ்சம் விபூதி வாசம் வந்தது.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னேன். அவன் சுற்றறிக்கையில் திரும்பக் கதிரை என்று போட்டுவிட்டான். நீங்கள் பணம் அனுப்பினீர்கள், தையில் மேசைகளும் கதிரைகளும் போய்ச் சேர்ந்தன, அதிபர் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு கதிரை. சேருக்கு மட்டும் இருந்த பொருள் இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. வாங்கு ஒன்றுகூட வகுப்புகளில் இல்லை. ஆனால் ஒரு படத்தின் ஓரத்தில், தண்ணீர்க் குழாயடியில், பழைய வாங்கு ஒன்று கிடக்கிறது, ஒரு நுனி மழையில் கறுத்து. அதை ஏலத்தில் போடவேண்டாம் என்று அதிபருக்கு எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒரு வார்னிஷ் பூச்சுக்கு ஏற்பாடு செய்யுங்கள், செலவை நான் தருகிறேன்.

அந்தப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, என்னோடு ஒரே வாங்கில் இருந்த மூன்று பேருக்கும் அனுப்பினேன். ஒருவன் லண்டனில், ஒருவன் சிட்னியில், ஒருவன் ஊரிலேயே. முதலில் பதில் வந்தது சிட்னியிலிருந்து, அவனுக்கு அப்போது விடியப்புறம் நாலு மணி இருக்கும். மற்ற நுனியில் இருந்தவன் அவன்தான்.

"பிடிச்சுக்கொள்ளடா, நான் எழும்பப் போறன்" என்று எழுதியிருந்தான்.