மார்க் ஃபைவும் டெனர்ஜியும்: ஒரே பேட்டில் ஆடிப் பார்த்தது

டேபிள் டென்னிஸ் பேட்டில் ஒட்டும் ரப்பர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "புதுசுல வேகம், பழசுல கன்ட்ரோல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. எந்த அடியில் வேகம், எந்த அடியில் கன்ட்ரோல் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. யசாகா மார்க் ஃபைவ் ஒன்றும் பட்டர்ஃபிளை டெனர்ஜி 05 ஒன்றும் வாங்கி, ஒரே பிளேடின் (பேட்டின் மரப்பகுதி) இரண்டு பக்கமும் ஒட்டி, சில மாதங்களாக மாலை ஆட்டங்களில் அதையே வைத்து ஆடி வருகிறேன். மார்க் ஃபைவ் 1969-ல் வந்த ரப்பர். டெனர்ஜி 05 வந்தது 2008-ல். நடுவில் 39 ஆண்டுகள். பழையது இன்னும் கடையில் புதுசாகவே கிடைக்கிறது என்பதால்தான் இந்த ஒப்பீடே சாத்தியமாயிற்று.

பிளேடு ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக். கார்பன் இல்லாத ஐந்தடுக்கு மரம். கார்பன் பிளேடில் எதை ஒட்டினாலும் பிளேடின் குணமே முந்திக்கொண்டு வரும். ரப்பர் என்ன செய்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கறுப்பில் மார்க் ஃபைவ், அதன் மேல்தாளுக்கு அடியில் இருக்கும் நுரைப் பகுதியான ஸ்பாஞ்ச் 2.0 மி.மீ. சிவப்பில் டெனர்ஜி, 1.9 மி.மீ. தனித்தனி பேட்டில் ஒட்டாததற்கும் காரணம் உண்டு. எடையும் பிடியும் மாறினால் கை மாறிவிடும். ஒரே பேட் என்றால் பிடியைத் தளர்த்தி விரலால் ஒரு சுழற்று, அடுத்த பந்துக்கே மற்ற ரப்பர் தயார்.

ஒட்டும்போதே வித்தியாசம் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்ப் பசை தடவும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி போல் தெளிந்துவிடும். மார்க் ஃபைவின் ஸ்பாஞ்சில் துளைகள் நுணுக்கமானவை; ஒரு கோட்டிங்கே மேலே சமமாகப் படிந்து நின்றது. டெனர்ஜியின் ஆரஞ்சு ஸ்பாஞ்சிலோ துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். முதல் கோட்டிங்கை அப்படியே குடித்துவிட்டது. காயவிட்டு இரண்டாவது தடவ வேண்டியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் மார்க் ஃபைவ் மெதுவாக எழும்பும். டெனர்ஜி விரலை உடனே திருப்பித் தள்ளும்.

ஆட ஆரம்பித்ததும் கண்ணில் பட்ட முதல் விஷயம் வேகம் இல்லை, பந்து கிளம்பும் கோணம். ஒரே கோணத்தில் பேட்டைச் சாய்த்து, ஒரே அளவு டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) போட்டால், மார்க் ஃபைவ் நெட்டை ஒட்டி முன்னால் அனுப்புகிறது. டெனர்ஜி பந்தை மேலே தூக்கி வளைத்து இறக்குகிறது. பந்து ரப்பரில் அமுங்கி, ஒரு கணம் அதிகம் பிடிபட்டு, பிறகு கிளம்புவது கைக்கே தெரியும்.

எதிரில் ஆடியவர் எங்கள் கிளப்பின் மூத்தவர்களில் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எந்தப் பக்கத்தால் அடித்தேன் என்று பார்க்காமல் பந்தை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். (நிறம் தெரியாமல் சோதிப்பதற்கு வழியே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில், வேறு வேறு குணமுள்ள ரப்பர்களை ஒட்டி எதிராளியைக் குழப்பியவர்களால்தான் எண்பதுகளில் இரு நிற விதியே வந்தது.) கொஞ்ச நேரம் பிளாக் (வரும் பந்தைப் பேட்டைக் காட்டித் தடுத்துத் திருப்புவது) செய்துவிட்டு அண்ணன் சொன்னார்: "தம்பி, கறுப்புல வர்ற பால் எங்க வரும்னு எனக்குத் தெரியுது, வந்து நிக்குது. செவப்புல வர்றது டேபிள்ல விழற வரைக்கும் சாது மாதிரி வந்து, விழுந்ததும் எகிறுது. பேட்டை இன்னும் முன்னால சாச்சு மூடணும்."

பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) பந்தை எடுத்து டாப்ஸ்பின்னோடு தூக்கி அடிக்கும் முதல் லூப்பில்தான் டெனர்ஜியின் அருமை முழுசாகத் தெரிந்தது. அண்ணனின் புஷ், அதாவது பேக்ஸ்பின்னோடு தள்ளி விடும் அடி, கனமானது. பந்து நெட்டை நோக்கியே இறங்கும். மார்க் ஃபைவால் அதைத் தூக்க முழங்காலை மடக்கி, பேட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முன்கையை வேகமாக இழுக்க வேண்டும். ஒன்றில் சோம்பினாலும் பந்து நெட்டில். டெனர்ஜியில் பாதி உழைப்பு போதும். பந்தின் பின்புறத்தை உரசினால் மீதியை ரப்பர் பார்த்துக்கொள்கிறது. 05 என்பது மேல்தாளின் அடியில் இருக்கும் பிம்பிள்களின் (சிறு முளைகளின்) வடிவத்துக்கும் இடைவெளிக்கும் வைத்த எண். அதே ஸ்பாஞ்சில் 64, 80, 25 என்று வேறு பிம்பிள் அமைப்புகளும் உண்டு. சுழற்சிக்கென்றே பெயர் வாங்கியது 05.

ஆனால் மேஜைக்கு மேலே நடக்கும் சின்ன ஆட்டத்தில் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. குட்டையாக வரும் சர்வீஸை நெட்டுக்கு அந்தப் பக்கம் குட்டையாகவே வைக்க வேண்டும்; பந்து எதிர்ப்பக்க மேஜையில் இரண்டு முறை எழும்ப வேண்டும். மார்க் ஃபைவ் நான் கொடுத்ததை மட்டும் கொடுக்கிறது. டெனர்ஜி எதிராளியின் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டு பந்தைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் நீட்டி விடுகிறது. அந்தக் கொஞ்சம் போதும், அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து முடித்துவிடுவார். பிளாக்கிலும் அதே கதை. வேகமாக வரும் லூப்பை மார்க் ஃபைவால் சும்மா காட்டினாலே பந்து எதிர்ப்பக்கம் போய் அமர்கிறது. ஸ்மாஷும் அப்படித்தான். தட்டையாக அடிக்கும் பந்து அடித்த திசையிலேயே நேர்கோடாகப் போவது மார்க் ஃபைவில்தான். டெனர்ஜியில் தட்டையாக அடித்தால் மேஜைக்கு வெளியே போகும் பந்துகள் அதிகம்.

சர்வீஸில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தேன். அவ்வளவு இல்லை. நன்றாக உரசத் தெரிந்த கைக்கு மார்க் ஃபைவும் போதுமான சுழற்சி தருகிறது.

இத்தோடு எழுதி முடித்திருப்பேன். அண்ணன் வீட்டில் பத்திரப்படுத்தியிருந்த செல்லுலாய்ட் பந்துகள் ஒரு பெட்டி கொண்டுவந்ததும் கணக்கே மாறிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் லேசான கற்பூர வாசனை. செல்லுலாய்ட் செய்வதில் கற்பூரமும் சேர்கிறது. பழைய பந்து உடைந்தால் அந்த வாசனை இன்னும் தூக்கலாக வரும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. 2014-ல் இருந்துதான் பிளாஸ்டிக் பந்து போட்டிகளுக்கு வந்தது. இரண்டுமே பெயருக்கு 40 மி.மீ. தான்; ஆனால் புதுப் பந்தின் விட்டம் 40.00 முதல் 40.60 வரை இருக்கலாம், பழையது 39.5-லிருந்தே அனுமதிக்கப்பட்டது. மயிரிழை அளவு பெரிசு, அதோடு மேற்பரப்பும் வேறு.

செல்லுலாய்ட் பந்தில் மார்க் ஃபைவ் விழித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதே லூப், அதே கை. நெட்டைத் தாண்டியதும் பந்து குத்திட்டு இறங்கி முன்னால் பாய்ந்தது. இரண்டு ரப்பர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. அண்ணனும் பிளாக்கில் ஒன்றிரண்டை மேலே விட்டார், "இதான்டா நாங்க ஆடுன பால்" என்றார். அவர் ஆரம்பித்த காலத்தில் பந்து இன்னும் சின்னது: 38 மி.மீ., 2.5 கிராம். 2000-த்தில்தான் 40 மி.மீ., 2.7 கிராம் ஆயிற்று. அந்தச் சின்ன, இலகுவான, வேகமாகச் சுழலும் பந்துக்காகச் செய்த ரப்பரை இன்றைய பெரிய பிளாஸ்டிக் பந்தில் அடித்துப் பார்த்து "பலம் போதாது" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை. புது ரப்பர்கள் இவ்வளவு பிடிமானத்தோடு வருவதில் பாதிக் காரணம் பந்துதான் என்று இப்போது நம்புகிறேன்.

இன்னொரு பாதி, பசை. பழைய சாம்பியன்கள் இந்த ரப்பரை வெறுமனே ஒட்டி ஆடவில்லை. எழுபதுகளில் ஐரோப்பிய வீரர்கள், யூகோஸ்லாவியாவின் ஷுர்பெக், ஹங்கேரியின் கிளாம்பார் பெயர்கள் இதில் சொல்லப்படுகின்றன, சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினால் ரப்பர் உயிர் பெறுவதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருக்கும் கரைப்பான் ஸ்பாஞ்சுக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும். உப்பிய ஸ்பாஞ்ச் மேல்தாளை இழுத்து விறைப்பாக்கும். அந்த விறைப்புதான் வேகம், சுழற்சி, அடிக்கும்போது கேட்கும் அந்த 'டிக்' சத்தம் எல்லாமே. சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், அடுத்த மேட்சுக்கு மறுபடி தடவ வேண்டும். அந்த ஆவி உடம்புக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரிலிருந்து அத்தகைய பசைகளுக்குத் தடை. டெனர்ஜி வந்ததும் அதே ஆண்டு. பசையால் தற்காலிகமாகக் கிடைத்த விறைப்பைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் ஏற்றி அனுப்பும் வழக்கம் தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டது. பட்டர்ஃபிளையின் பிரைஸ் 1997-ல் வந்தது. பசை போன பிறகு அதுதான் ஒரே வழி என்றாயிற்று. ஆக, நான் ஒப்பிட்ட மார்க் ஃபைவ், அதன் நல்ல காலத்தில் இருந்த மார்க் ஃபைவ் இல்லை. பசையில்லாத மார்க் ஃபைவ்.

ஸ்பாஞ்சைப் பற்றிய இந்தச் சண்டையெல்லாம் தொடங்கியது நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1952-ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். சத்தமே இல்லாமல் வரும் பந்தை எதிராளிகளால் கணிக்க முடியவில்லை. அந்தக் குழப்பம் அடங்க 1959 ஆயிற்று. ஸ்பாஞ்சும் மேல்தாளும் பசையும் சேர்ந்து 4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று அப்போது வைத்த வரம்பு இன்றும் இருக்கிறது. எல்லாக் கம்பெனிகளும் அந்த நான்கு மில்லிமீட்டருக்குள்தான் வித்தை காட்டுகின்றன.

சென்னையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மழைக்கால மாலையில் காற்றிலிருக்கும் ஈரம் ரப்பரில் படிந்து பந்து வழுக்கும். இதில் டெனர்ஜிக்குப் பாதிப்பு அதிகம், ஏனென்றால் அதன் ஆட்டமே உரசலை நம்பித்தான். உள்ளங்கையை ரப்பரில் வைத்து எடுத்தால் கை தடம் பனிமூட்டம்போலத் தெரியும். அன்றைக்கு மார்க் ஃபைவ் பக்கமே நம்பகமானது. ஒவ்வொரு கேமுக்கும் நடுவில் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு அவசியம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டெனர்ஜி வாங்கும் காசில் இரண்டு மார்க் ஃபைவ் வாங்கலாம். ஆட ஆரம்பித்து ஓராண்டு ஆகாத பிள்ளைகளுக்கு டெனர்ஜி வாங்கித் தரும் பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ரப்பர் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை முழங்காலை மடக்கக் கற்றுக்கொள்ளாது. இரண்டு பக்கமும் மார்க் ஃபைவ், 1.8 மி.மீ. போதும், கை பழகியபின் ஃபோர்ஹேண்டை மட்டும் மாற்றலாம்.

என் பேட்டில் இப்போது ஃபோர்ஹேண்டில் டெனர்ஜி, பேக்ஹேண்டில் மார்க் ஃபைவ். லூப் ஒரு பக்கம், பிளாக்கும் புஷ்ஷும் மறுபக்கம் என்று ஆட்டம் பிரிந்துகொண்டது. பேக்ஹேண்டில் பேக்ஸ்பின்னைத் தூக்குவது மட்டும் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக அங்கே 05 போட்டால் பிளாக் போய்விடும். அடுத்து பேக்ஹேண்டில் டெனர்ஜி 64 ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.