மகமைக் கணக்கு: எங்கள் குடும்ப அறக்கட்டளையின் நாட்குறிப்பு

மே 6, 2025, விருதுநகர்

ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். 2021-இல் அறக்கட்டளைகள் அனைத்தையும் மறுபடி பதியச் சொன்னபோது எங்களுக்குக் கிடைத்த, வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவு 2026 மார்ச் 31-உடன் முடிகிறது. முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே, அதாவது இந்தச் செப்டம்பர் 30-க்குள், 10ஏபி படிவத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்தாக வேண்டும். ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அறக்கட்டளைகளுக்கு 5 ஆண்டுக்குப் பதிலாக 10 ஆண்டுப் பதிவு தரும் வகையில் இந்த ஆண்டு நிதிச் சட்டத்தில் திருத்தம் வந்திருப்பது ஒரு நிம்மதி. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி-க்கு அது பொருந்தாது. அங்கே பழைய 5 ஆண்டுதான்.

விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று பீரோவிலிருந்து மூலப் பத்திரத்தை எடுத்தேன். தாத்தா பருப்பு மண்டி வைத்திருந்தவர். இந்த ஊர் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்துப் பொதுக்காரியம் செய்தவர்கள். 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்ததை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். மகமை என்று பேரேட்டில் எழுதிய காசைக் கடைக்காரர் திரும்பத் தொடமாட்டார். அந்தப் பழக்கத்தில் ஊறிய தாத்தா 1968-இல் இரண்டு கடைகள், ஒரு கிட்டங்கி, ஒரு மாடிக் கட்டடம் ஆகியவற்றைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் என்று எழுதிப் பதிந்துவிட்டார்.

பத்திரத்தின் நான்காம் பக்கத்தில், மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்க்கு மிகாமல் உதவலாம் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பணத்துக்கு வரம்பு எழுதிவைத்த கட்டளைகள் எல்லாவற்றுக்கும் வரும் சிக்கல் இது. திருத்தும் அதிகாரத்தைப் பத்திரம் அறங்காவலர்களுக்குத் தரவில்லையாதலால், அப்பா காலத்தில் அக்கறையுள்ள இருவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுத்து, அந்த வரம்பை நீக்கி ஆணை வாங்கினார்கள். அந்த ஆணையின் சான்றிட்ட நகலையும் இணைக்க வேண்டும்.

மே 30

ஆண்டு நன்கொடை விவரங்களை வருமான வரித் துறைக்குத் தரும் 10பிடி படிவத்துக்கு நாளை கடைசி நாள். நன்கொடை தந்தவர்களின் பான் எண்களை எழுத்தர் அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் படிக்க, நான் சரிபார்த்து ஏற்றினேன். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும் என்பதைவிட, நாங்கள் ஏற்றினால்தான் கொடுத்தவருக்குச் சான்றிதழே கிடைக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். கடை உண்டியலில் பேர் சொல்லாமல் போடும் பணம் தனிக் கணக்கு. பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதைத் தாண்டினால், மிகுதிக்கு 30 சதவீத வரி. எங்கள் உண்டியல் அந்த அளவுக்கு ஒருபோதும் நிறைந்ததில்லை.

ஜூன் 19

விண்ணப்பங்கள் மேசையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. இத்தனை காலமும் நாங்கள் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதையே உதவி என்று எண்ணிவந்தோம். இப்போது நிலைமை அப்படி இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அரசு கட்டும் கட்டணத்தை நாங்களும் கட்டுவதாகச் சொல்லி ஆண்டு மலரில் படம் போடுவதில் யாருக்கும் பயன் இல்லை.

இடையில் விழுபவர்கள் வேறு. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீதத்துக்குள் வராதவர்கள், கலந்தாய்வுக்கு வெளியே நர்சிங் சேர்ந்தவர்கள், கட்டணம் கட்டிவிட்டு விடுதிச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் விண்ணப்பத்தில், வருமானச் சான்றிதழுக்கும் குடும்ப அட்டை நகலுக்கும் அடியில், விடுதி மெஸ் நிலுவை 11,400 ரூபாய் என்று எழுதிய இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்று பின் குத்தி இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில், நிலுவை தீரும்வரை ஹால் டிக்கெட் இல்லை என்ற முத்திரை. அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை. அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் தினக்கூலி. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் மெஸ் நிலுவைக்கு ஒரு கட்டமே கிடையாது. படிவத்தில் இல்லாததையும் காட்ட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றாதவர்கள் எத்தனை பேரோ. அடுத்த ஆண்டுப் படிவத்தில் விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், பேருந்து என்று தனித்தனியே கேட்கப்போகிறோம்.

கல்லூரியின் பெயருக்கே காசோலை எழுதி, ரசீதின் நகலை வாங்கி வவுச்சரோடு கோத்தாயிற்று. கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு மரியாதையாக இருக்கும் என்று சித்தப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவுக் கணக்கில் சேராது.

ஜூலை 8

அத்தை வந்திருந்தார். பேரனுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் ஆண்டுக் கட்டணத்தை அறக்கட்டளை கட்ட வேண்டும் என்றார். நான் தயங்கியதைப் பார்த்ததும், "எங்க அப்பா போட்ட டிரஸ்டுல ஊர்ப் பிள்ளைக எல்லாம் படிக்குது, என் பேரனுக்கு மட்டும் சட்டம் பேசுறியாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

சட்டம்தான் பேச வேண்டியிருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அறக்கட்டளையை நிறுவியவருக்கும் அறங்காவலர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் அதன் வருமானம் பயன்படக் கூடாது என்கிறது. அந்தப் பையன் தாத்தாவுக்குக் கொள்ளுப்பேரன், நிர்வாக அறங்காவலரான அப்பாவுக்குத் தங்கை வழிப் பேரன்; இரண்டு வழியிலும் உறவினர் என்ற வரையறைக்குள் வருகிறான். மீறினால் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரியும், முதல் முறைக்கு அந்தத் தொகை முழுவதற்கும் சமமான அபராதமும், மறுபடி செய்தால் அதன் இரு மடங்கும். இதையெல்லாம் சொன்னேன். ஆனால் அத்தையின் முகத்தில் இருந்த கேள்வி வரியைப் பற்றியதே அன்று. அப்பாவின் சொத்து அப்பாவின் பிள்ளைகளுக்கு இல்லாமல் எப்படிப் போகும் என்பதுதான் அந்தக் கேள்வி. சார்பதிவாளர் முன் தாத்தா கையெழுத்துப் போட்ட அன்றே போய்விட்டது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். பிறகு தம் சேமிப்பிலிருந்து கட்டணத்தைத் தருவதாகச் சொன்னார். அத்தை வாங்கிக்கொண்டார், ஆனால் காப்பி குடிக்கவில்லை.

இதே கேள்வி சித்தப்பாவின் கிட்டங்கியிலும் இருக்கிறது. அவரும் ஓர் அறங்காவலர். அறக்கட்டளையின் கிட்டங்கியில் எண்ணெய் டின்களை வைத்துக்கொண்டு மாதம் 4,000 ரூபாய் வாடகை தருகிறார். அதைவிடச் சிறிய பக்கத்துக் கடைக்காரர் 14,000 தருகிறார். போதிய வாடகை இல்லாமல் அறங்காவலருக்குச் சொத்தைக் கொடுப்பதும் அதே 13-ஆம் பிரிவுதான். அத்தைக்கு இல்லை என்று சொன்ன வாரத்திலேயே சித்தப்பாவிடமும் பேசாவிட்டால், இல்லை என்பது பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்று கேட்பார்கள், கேட்பதும் சரிதான். சந்தை வாடகைக்குப் புது ஒப்பந்தம் எழுதவும், பழைய குறைவை ஆடிட்டர் கணக்கிட்டுச் சொன்னபடி கட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். சந்தோஷமாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 27

சென்ற நிதியாண்டின் வருமானம் ஏறக்குறைய 40 லட்சம். அதில் 85 சதவீதமான 34 லட்சத்தை ஆண்டுக்குள் செலவிட்டிருக்க வேண்டும்; செலவானது 29. மீதி 5 லட்சத்தை 10-ஆம் எண் படிவம் கொடுத்து 5 ஆண்டுவரை சேர்த்து வைக்கலாம். இம்மாதம் 31-க்குள் கொடுக்க வேண்டும். "அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக" என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும் என்பதால், டயாலிசிஸ் நோயாளிகளின் பயணச் செலவு, மருந்துச் செலவு என்று தீர்மானத்தில் குறித்தோம்.

சேர்த்து வைப்பது சட்டப்படி சரிதான் என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜூனில் நாங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களுக்கு 5 லட்சம் தாராளமாகப் போதும். அந்தப் பணத்தைத் தம் ஆலையில் போட்டால் வங்கியைவிடக் கூடுதல் வட்டி தருவதாகச் சித்தப்பா சொன்னார். அறக்கட்டளைப் பணத்தை 11(5) பிரிவு சொல்லும் வைப்புகளில்தான், அதாவது வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் போன்றவற்றில்தான் போட முடியும். குடும்பத் தொழிலில் போட வழியே இல்லை. இந்த முறை அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 12

விண்ணப்பத்துக்கான செயல்பாட்டுக் குறிப்பு எழுதும்போது பச்சையப்ப முதலியாரின் நினைவு வந்தது. 1794-இல் அவர் மறைந்தார். உயிலில் அறத்துக்கென்று எழுதிய சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, கோவில் கட்டளைகள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்ப, அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியில் 1842-இல்தான் சென்னையில் முதல் பள்ளி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் படிக்க வேண்டிய ஒரு தலைமுறை முழுதும் கடந்துபோய்விட்டது. அறக்கட்டளையைக் கட்டிக்காத்தோம் என்று பெருமைப்படும் குடும்பங்கள் எவ்வளவு விரைவாகக் கொடுத்தோம் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஆண்டறிக்கையில் இந்த முறை, விண்ணப்பம் வந்த தேதியும் காசோலை போன தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

செப்டம்பர் 26

10ஏபி படிவம் ஏறிவிட்டது. பத்திரம், 92-ஆம் பிரிவு ஆணை, மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, செயல்பாட்டுக் குறிப்பு எல்லாம் இணைத்தாயிற்று. வருமான வரி ஆணையர் (விலக்குகள்) அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வரும். கிட்டங்கி வாடகையைக் கட்டாயம் கேட்பார்கள் என்று ஆடிட்டர் சொல்கிறார். பதில் தயாராக இருக்கிறது.

மாலைக் கூட்டத்தில், குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை அறங்காவலராகச் சேர்க்க அப்பா முன்மொழிந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எங்கள் மாணவர்களில் பாதிப் பேரைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். காலியிடத்தைப் பெரும்பான்மையால் நிரப்பலாம் என்று பத்திரத்திலேயே இருக்கிறது. குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்று தாத்தா எங்கும் எழுதவில்லை. சித்தப்பா எதிர்த்தார். அவருடைய மறுப்பை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதன் கீழே அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. தீபாவளிக்குப் பிறகு நடக்கும் கூட்டத்துக்கு அந்த அம்மையாரை அழைக்க வேண்டும். ஜூனில் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை மறுபடி பார்ப்பதுதான் அன்றைய முதல் பொருள்.