சம்பளத்தோடு பேறுகால விடுப்பு: காசு யார் தருவது?

மார்ச் 3, திங்கள்

ஏழு பேர் வேலை பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் முதல்முறையாக ஒருவர் பேறுகால விடுப்பு கேட்டிருக்கிறார். இவ்வளவு சின்ன இடத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கணக்குப் பார்ப்பவன் என்பதால் விதி எழுதும் வேலை என் தலையில். முதலாளி கேட்டது ஒன்றுதான்: "வேலை பார்க்காத மாசத்துக்கு நான் எதுக்குச் சம்பளம் தரணும்?" தொனி எரிச்சலூட்டியது. ஆனாலும் பயம் பொய்யில்லை. விடுப்பில் போகிறவருக்கும் சம்பளம், அவர் இடத்துக்கு வருபவருக்கும் சம்பளம்.

மார்ச் 4, செவ்வாய்

சம்பளம் வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அது இல்லாவிட்டால் சேமிப்பு உள்ளவர்தான் விடுப்பு எடுப்பார். மற்றவர் தையல் ஆறும் முன்பே நாற்காலிக்கு வந்துவிடுவார். அமெரிக்காவின் 1993 சட்டம் தருவது 12 வாரம், சம்பளம் கிடையாது. அதுவும் 50 பேராவது உள்ள நிறுவனங்களில்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாடகைக்காக ஓடி வருகிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்க ‘யார் தருவது’ என்பதிலேயே போனது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919-லேயே பேறுகாலத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 2000-இல் வந்த புதிய ஒப்பந்தம் 14 வாரம் என்கிறது. தொகையைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. அந்தச் செலவு பொதுவாகத் தனி முதலாளி தலையில் விழக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தியா 2017-இல் 12 வாரத்தை 26 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வராதவர்களுக்கு முழுச் சம்பளமும் நிறுவனத்தின் கணக்கில். அப்புறம் என்ன ஆகும்? நேர்முகத் தேர்வில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். கேட்காமலே நிராகரிப்பவர்களும் உண்டு.

ஜெர்மனி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டுகின்றன, ஆண்களை மட்டுமே வைத்திருக்கும் நிறுவனமும்கூட. விடுப்புக்குத் தந்ததை அந்த நிதி திருப்பித் தருகிறது. பெண்ணை வேலைக்கு எடுக்காததால் ஒரு காசும் மிச்சமாகாது. பிரிட்டனிலும் சட்டப்படியான தொகையில் பெரும்பகுதியை அரசிடம் திரும்பப் பெறலாம். சின்ன நிறுவனத்துக்கு முழுவதும் கிடைக்கும்.

மார்ச் 7, வெள்ளி

சரி, நாங்கள் ஏழு பேர் பொது நிதிக்கு எங்கே போவது? மாதாமாதம் மொத்தச் சம்பளச் செலவில் ஒரு சிறு பங்கைத் தனியாக ஒதுக்கலாம் என்று எழுதினேன். யார் விடுப்பில் போனாலும் அதிலிருந்து தரலாம். 14 வாரம், முழுச் சம்பளம். வேலை அப்படியே இருக்கும் என்று எழுத்தில் உறுதி. விடுப்பு கேட்டவர் சம்பளத்துக்கு முன்னால் கேட்டதே அதைத்தான்.

மார்ச் 10, திங்கள்

முதலாளி 14 வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். அப்பாக்களுக்கு இரண்டு வாரம் என்று நான் சேர்த்த வரியை அடித்துவிட்டார். "ஆம்பளைக்கு எதுக்கு?" என்றார். ஸ்வீடனில் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள், அதில் 90 நாள் ஒவ்வொருவருக்கும் மாற்றித் தர முடியாதபடி ஒதுக்கியது என்று சொன்னேன். ஆண்களும் விடுப்பில் போவார்கள் என்றால்தான் அந்தக் கல்யாணக் கேள்வி அர்த்தமில்லாமல் போகும். "அது பணக்கார நாடு" என்றார். அந்த வரியைத் திரும்பச் சேர்த்துத்தான் அடுத்த வரைவை அனுப்பப் போகிறேன்.